புறப்பாடு 8.10, வருகை 8.10

2009 ஜனவரி 12, திங்கள்

காலையில் பனி. போட்டாதாங் துறையில் எதிரே நிற்கும் படகுகூடத் தெரியவில்லை. முதல் ஃபெரி இருபது நிமிடம் தாமதம். பதிவேட்டில் எழுதினேன்.

மாலை, இன்டர்நெட் கடை. ஸ்டாக்ஹோமிலிருந்து மகள் மலர். வியாழக்கிழமை ஆபரேஷனாம். மார்பில் கட்டி. "பக்கத்துல ஒருத்தர் இருந்தா போதும்ப்பா." புருஷன் விட்டுப்போய் இரண்டு வருஷம். அண்ணன்காரன் மூர்த்தி ஹெல்சிங்கியில்தான் இருக்கிறான். அவள் கல்யாணத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. "நீங்க சொல்லுங்கப்பா." சரி என்றேன். எனக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது.

13, செவ்வாய்

வாங்க: கார்பன் தாள், டார்ச் செல், இருமல் மருந்து.

கடைக்காரி மா ஏ விமான நேரம் அச்சடித்துத் தந்தாள். ஹெல்சிங்கி–ஸ்டாக்ஹோம் நானூறு கிலோமீட்டர். மாண்டலே இதைவிடத் தூரம். புறப்பாடு 8.10. வருகை 8.10. இரண்டு தடவை கழித்துப் பார்த்தேன். பூஜ்யம். படுபாவி! நேரமே பிடிக்காத பயணம்.

மூர்த்தியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஏறுற நேரத்துலயே இறங்கிடலாம்டா. அதுக்கும் வலிக்குதா?"

சிரித்தான். "அப்பா, அங்க கடிகாரம் ஒரு மணி பின்னாடி. பிளேன் ஒரு மணி நேரம் போகும்."

முப்பது வருஷம் படகுகளின் புறப்பாட்டையும் வருகையையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து எழுதியவன் நான். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மணி நேரம்தானே, போடா என்றேன்.

"லீவு இல்ல." அப்புறம் மெதுவாக, "ராஜு சித்தப்பாவுக்கு ஒரு காலை வெட்டி எடுத்தப்ப நீங்க போனீங்களா? நம்ம தாகேதா வீட்டுலேருந்து அவர் இருக்குற ஷ்வேப்யிதா எவ்வளவு நேரம்ப்பா?"

வைத்துவிட்டேன்.

14, புதன்

வெயில். ராஜு என் ஒரே தம்பி. அப்பாவின் வீட்டை நான் விற்றபோது துறை ஆட்கள் முன்னால் என்னைத் திருடன் என்றான். பத்து வருஷமாகப் பேச்சு இல்லை. அது வேறு, இது வேறு. மூர்த்திக்கு என்ன தெரியும்?

மலருக்கு எழுதினேன்: அண்ணன் வர்றான். பொய். வேறு என்ன எழுத?

15, வியாழன்

மலருக்கு ஆபரேஷன். 11.40 ஃபெரியை 10.40 என்று எழுதி அடித்தேன். இருமல் மருந்து மறந்துபோனது.

16, வெள்ளி

மலர் எழுதியிருக்கிறாள். "முடிஞ்சுதுப்பா. கண்ணு முழிச்சப்ப யாரும் இல்ல. அண்ணன் எங்கன்னு நர்ஸ் கேட்டா. பிளேன் லேட்டுன்னு சொல்லிட்டேன்."

மூன்று தடவை படித்தேன். மா ஏ விளக்கை அணைத்ததும்தான் எழுந்தேன்.

18, ஞாயிறு

பஸ் 7.10. ஷ்வேப்யிதா 9.05.

ராஜு வீட்டு வேலி வரை போனேன். வாசலில் ஊன்றுகோல். உள்ளே யாரையோ அதட்டிக்கொண்டிருந்தான், அதே குரல். கால் போன அன்றைக்கு வராதவன் இப்போது எதற்கு வந்தான் என்று கேட்பான். மூர்த்தியை இனி எந்த வாயால் திட்டுவது?

கூப்பிடவில்லை.

திரும்பும் பஸ் 9.20. வீடு 11.25.