தையலுக்கு விடாத இடம்

என் பிரியத்துக்குரிய பேச்சியக்கா,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாதவன், போய்ச் சேர்ந்த பிறகு கடுதாசி எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் ஊர் வாசிக்கும்படி எழுதுகிறேன். யாராவது ஒருவர் உரக்கப் படித்தால் உங்கள் காதில் விழாதா என்ன?

முதலில் நம் அச்சாபீஸ் சேதி. காலால் மிதிக்கிற மெஷினை ஓரங்கட்டியாயிற்று, கரண்டு மெஷின் வந்துவிட்டது. ராஜ்யத்துக்குப் பேர் மாற்றிவிட்டார்கள். மெட்ராஸ் என்று அச்செழுத்துக் கோர்த்துப் பழகின என் கை இப்போது தமிழ்நாடு என்று கோர்க்கிறது, பழக்கதோஷத்தில் இன்னும் அவ்வப்போது தப்பு விடுகிறது. நீங்கள் புத்தகம் தைத்துக்கொண்டிருந்த ஜன்னலோரத்தில் இப்போது நாலு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறபோது நான் இன்றைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான் அக்கா. ஆனால் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினாலு வருசம் முந்தி விருதுநகர் வியாபாரி ஒருவர் வாய்ப்பாட்டுப் புத்தகம் ஆர்டர் கொடுத்தார். தொண்ணூற்றாறு பக்கம். அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்குமுன் கைக்கு வர வேண்டும் என்றார். எனக்கு அப்போதுதான் பக்கம் கட்டுகிற வேலையை முதலாளி தனியாக ஒப்படைத்திருந்தார். எழுத்துக் கோர்ப்பது எவனும் செய்வான், பக்கம் கட்டுவதற்குக் கணக்கு வேண்டும் என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தலைக்கனம்தான் எல்லாவற்றுக்கும் மூலம்.

பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் முறுக்கும்போது பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே மரக்கட்டை வைப்போம். கட்டை எவ்வளவு தடிமனோ, தாளில் அவ்வளவு வெள்ளை இடம் விழும். அதுதான் மார்ஜின். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரத்தில் குத்தூசியால் துளைத்துத் தைக்கிற புத்தகத்துக்கு, தையல் பக்கத்தில் மற்ற மூன்று பக்கத்தைவிடக் கூட இடம் விட வேண்டும். அந்தப் புத்தகத்துக்கென்று நல்ல தடிமனான கட்டைகளை அளந்து, சாக்கட்டியால் குறி போட்டு நான்தான் எடுத்து வைத்தேன்.

அது காலண்டர் சீசன். ஆபீசில் இருந்த கட்டையெல்லாம் காலண்டர் சட்டங்களுக்குள் மாட்டிக்கிடந்தது. மேல் ஓரத்தில் தகரப்பட்டை அடிக்க இடம் விட்டாக வேண்டுமே, அதற்குத் தடித்த கட்டை தேவை. சாத்தூர்த் தீப்பெட்டிக் கம்பெனிக் காலண்டர் அவசரம் என்று முதலாளி கத்தவும், வாய்ப்பாட்டுக்கு வைத்திருந்த கட்டைகளை உருவி அங்கே போட்டேன். இங்கே மெல்லிசுக் கட்டை வைத்து முறுக்கினேன். மெஷின் ஏறுமுன் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன். முதல் பாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற எட்டுப் பக்கம், அப்படியே ஓடி முடிந்துவிட்டது.

அந்தத் தாள்கள் மடிக்க வந்ததும் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். மடித்த தாளின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தீர்கள்.

"தம்பி, எழுத்து மடிப்புக்கு ரொம்பக் கிட்ட நிக்கி. தைச்சா முங்கிரும் போலருக்கே."

"ஒங்களுக்கு எழுத்துத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியாது தம்பி."

"அப்ப தைக்கிற சோலியப் பாருங்க. பக்கம் கட்டுறதுக்கு நான் இருக்கேன்."

மெஷின் சத்தத்தில் இது வேறு யார் காதிலும் விழவில்லை. உங்கள் முகம் சுண்டிப்போனதை மட்டும் நான் பார்த்தேன். அன்றைக்கு ஒரு பாரத்தைத்தான் திரும்ப அடிக்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் எழுத்துத் தெரியாத ஒருத்தி சொல்லியா நான் திருத்துவது? முதல் பாரம் எப்படியோ அப்படியே மற்ற பதினொன்றையும் மெல்லிசுக் கட்டையிலேயே கட்டினேன். எல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீம்பு அக்கா, வெறும் வீம்பு.

பொங்கல் கழிந்து வியாபாரி பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் வாய்ப்பாடு. முதலாளியின் மேஜையில் அதை விரித்துப்போட்டு, "பதிமூணு ஏழு எம்புட்டுன்னு இதப் பாத்துச் சொல்லுங்க பாப்போம்" என்றார். இடது பக்கம், விடை முடிகிற இடம் தையலுக்குள் போயிருந்தது. தொண்ணூற்றொன்றில் ஒன்பது மட்டும் வெளியே நின்றது. வலது பக்கத்தில் விடை இருந்தது, எதற்கு விடை என்பது உள்ளே போயிருந்தது.

முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டார். "ஏலே சம்முகம், மார்ஜின் ஒழுங்கா விட்டியாலே?"

"எப்பவும் விடுற அளவுதான் மொதலாளி," என்றேன்.

சொல்லிவிட்டேன் அக்கா. நாக்கு ஒரு நொடி தயங்கவில்லை. அவர் உங்கள் பக்கம் திரும்பி, "அப்ப நீதான் ஆழத் தைச்சிருக்க" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்தேன். கட்டின எழுத்துகளை அதற்கு முன்பே பிரித்து எழுத்துப்பெட்டி அறைகளில் போட்டிருந்தேன். மிச்சமிருந்த தைக்காத தாள்களை அன்று மத்தியானமே கழிவுக் கட்டோடு சேர்த்து, வெடிக்கு உருளை சுற்றுகிற கம்பெனிக்கு லோடு ஏற்றிவிட்டேன். தாளை விரித்து அளந்து பார்க்க யாருக்கும் வழியில்லாமல் பண்ணினேன். இதை மறதி என்று சொல்ல முடியுமா?

அடுத்த தீபாவளிக்கு எங்கள் தெருவில் வெடித்துக் கிடந்த காகிதச் சிதறலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் ஒரு துண்டு, ஓரம் கருகி, துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். என்ன சீக்கு என்று வீட்டில் கேட்டார்கள். என்னவென்று சொல்வது?

உங்களை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். சிவகாசியிலும் திருத்தங்கலிலும் இத்தனை அச்சாபீஸ் இருந்து என்ன, ஒன்றில்கூட உங்களைச் சேர்க்கவில்லை. 'ஆழத்தையல் பேச்சி' என்று பேர் ஒட்டிக்கொண்டது. நீங்கள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனீர்கள். வேனில் நீங்கள் போவதை ஒரு நாள் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். தலையை ஆட்டி, நல்லா இருக்கியா என்பதுபோல் கேட்டீர்கள். நீங்கள் காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மாசியில் நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார்கள். உங்கள் தெருமுக்கு வரை வந்தேன். பந்தலைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

சித்திரையில் உங்கள் மகள் செல்லக்கனி பைண்டிங் வேலை கேட்டு நம் ஆபீசுக்கு வந்தாள். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ ஆழத்தையல் பேச்சி மகள்லா? என்ன சம்முகம், சேக்கலாமா?" என்று அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்டார். தாயைக் கெடுத்தது போதாதென்று மகளுக்கும் அதே மேஜை முன்னால் அதே நிலைமை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்க இஷ்டம் மொதலாளி." அவ்வளவுதான். அவள் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் பஸ் ஏறித் திருத்தங்கலில் இறங்கி உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். "வாங்க மாமா" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்குமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டை, நீங்கள் வந்து சொன்னது, நான் எடுத்தெறிந்து பேசியது, லோடு ஏற்றியது, ஒன்றையும் விடவில்லை.

அவள் எழுந்துபோய்த் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். அந்த வாய்ப்பாடு. ஓரமெல்லாம் ஊசித் துளை, சல்லடை மாதிரி.

"கடைசி நாளு அங்கனருந்து கொண்டாந்தது. அம்மா இதப் பிரிச்சிப் பிரிச்சித் தைப்பாக. 'பாருடி, ஓரத்துல நெல்லு மொனை அளவுக்குத் தைச்சாக்கூட எழுத்து முங்குது, ஏங் கையில தப்பு இல்லடி'ன்னு சொல்லுவாக."

"நான்தான்னு தெரியுமா அவுகளுக்கு?"

"யாரோட வேலைன்னு தெரியும்பாக. பேரக் கேட்டா சொல்ல மாட்டாக. 'அவுகளே ஒரு நா வந்து சொல்லுவாக, நல்ல பிள்ளதான்'னு சொல்லுவாக." புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "வந்துட்டீக. ரெண்டு மாசம் முந்தி வந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. அந்த வீட்டிலேயே, அவள் முன்னாலேயே, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பதினாலு வருசம் எனக்காகக் காத்திருந்தீர்களா அக்கா? வேனில் தலையை ஆட்டினபோதும் அதைத்தான் கேட்டீர்களா?

நேரே ஆபீசுக்குப் போய் எல்லோர் முன்னிலையிலும் முதலாளியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "செத்துப்போனவளப் பத்தி இப்ப என்னலே, நாளையிலருந்து அந்தப் பிள்ளைய வரச் சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். உங்கள் மகள் உங்களைப் போலவே மெதுவாகத்தான் பேசுகிறாள்.

"வாரேன். மொதல்ல எங்கம்மா மேல ஒட்டுன பேரு போகட்டும்."

நியாயம்தானே? அதனால்தான் இந்தக் கடுதாசி. என் கையாலேயே எழுத்துக் கோர்த்து, நானே பக்கம் கட்டி, இந்த ஊரில் எத்தனை அச்சாபீஸ் உண்டோ அத்தனைக்கும், நீங்கள் குச்சி அடுக்கின தீப்பெட்டி ஆபீசுக்கும் நானே நடந்து போய்க் கொடுப்பேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நின்று வாசித்துக் காட்டுவேன். ஆழத் தைத்தவள் என்று இனி ஒருவர் சொன்னாலும் திரும்பவும் அங்கே போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதுவரை கோர்த்ததைச் சோதனைக்கு ஒரு தாளில் அடித்து, அந்த முதல் பிரதியைச் செல்லக்கனியிடம் கொடுத்தேன். உங்கள் வாய்ப்பாட்டோடு சேர்த்துத் தைத்து வைக்கப்போகிறாளாம். கட்டைவிரலை ஓரத்தில் வைத்து அளந்து பார்த்தாள். இடது பக்கம் முழுதாக இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன் அக்கா. எவ்வளவு ஆழத் தைத்தாலும் உங்கள் பேர் முங்காது.

நீங்கள் வாய் நிறையத் தம்பி என்று கூப்பிட்டும்
தம்பியாக நடக்கத் தெரியாத,
சண்முகவேல்