தண்டலம் போர்டில் உன் சித்தி

பிள்ளைப்பாக்கம்
20-2-1991

அன்பு மகள் சசிரேகாவுக்கு அம்மா எழுதுவது. பெருமாள் தயவில் இங்கே எனக்கும் அப்பாவுக்கும் மாடு கன்றுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, எனக்கு மனசுதான் கொஞ்ச நாளாகச் சரியில்லை. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது, ஒரு வரியில் முடிக்காதே. குளிர் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், காதை மூடாமல் வெளியே போகாதே, மாங்காய் கிடைக்கவில்லை என்று வெறும் புளியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. சித்தியைப் பற்றி ஏனம்மா ஒரு வார்த்தைகூட எழுதுவதில்லை, இரண்டு பேருக்கும் சண்டையா என்று கேட்டிருந்தாய். சண்டை இல்லை. எழுத எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதுகிறேன், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே.

தீபாவளிக்கு முன்னால் காஞ்சிபுரத்தில் ஒரு கவர்மெண்ட் ஆபீஸ் புதிதாகத் திறந்தார்கள். ஊருக்குத் தொழிலையும் சுற்றுலாக்காரர்களையும் அழைத்து வருவதுதான் அவர்கள் வேலையாம். அதில் ஸ்ரீமதி என்று ஒரு ஆபீசரம்மா, உன் வயதுதான் இருக்கும், ஜீப்பில் நம் ஊருக்கே வந்தாள். பெங்களூர் ரோட்டில் தண்டலத்தில் பெரிய போர்டு வைக்கப் போகிறோம், அதில் இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி கைகூப்பி வரவேற்கிற மாதிரி படம் வேண்டும், விருப்பம் உள்ளவர்கள் பெரும்புதூர் கோயில் குளத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் என் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய பூ வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். உன் சித்தி ஜெயலட்சுமி வரவில்லை என்றுதான் சொன்னாள். கடைசி நேரத்தில் தலைகூட உலராமல் ஒரு சாதாரண வாயில் துணிப் புடவையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கழுத்து வெறுமையாக இருக்கிறதே என்று என் கழுத்திலிருந்த கெம்பு அட்டிகையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டதும் நான்தான். எல்லாரையும் படம் பிடித்தார்கள். மார்கழியில் போர்டு ஏறியது. வீட்டு உயரத்துக்கு உன் சித்தி முகம், அவள் கழுத்தில் என் அட்டிகை, கீழே “தொழில் தொடங்க வாருங்கள், கோயில் காண வாருங்கள்” என்று எழுத்து.

அதற்குப் பிறகு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பஸ்சில் கண்டக்டர் அவளைப் பார்த்து, “இன்னாம்மா, போர்டுல கீறது நீதானே, குந்தும்மா” என்று சீட்டு பிடித்துக் கொடுத்தான், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தேன். உன் சித்தப்பா ரகுபதி வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் போர்டைப் பார்த்தாயா என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். உன் அப்பாவாவது என் பக்கம் இருப்பார் என்று பார்த்தால், “ஏன், லட்சணமாத்தானே கீது” என்றார், அன்றைக்கு அவருக்குக் காப்பியில் சர்க்கரை போடவில்லை. தண்டலம் வந்தால் நான் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். இருபது வருஷமாக ஒரே சுவர் வைத்து வாழ்கிறோம், எனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள், அவள் வைத்தால்தான் முருங்கை காய்க்கும், அவள் கரைத்தால்தான் மாவு பொங்கும், போர்டிலும் அவளேதானா என்று எனக்கு வயிறு எரிந்தது. குழம்பு கொடுத்தனுப்புவதைக்கூட நிறுத்திவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவள் வீட்டுக் குழம்பு மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பொங்கல் முடிந்ததும் கம்பெனிக்கு இடம் எடுக்கப் போகிறார்கள் என்று அளக்க வந்தார்கள். பாப்பம்மாள் கழனியில் வேர்க்கடலைச் செடியை மிதித்துக்கொண்டு கல் நட்டுவிட்டுப் போனார்கள். பாவம், புருஷன் இல்லாதவள், அவளுக்கு அந்தக் கழனியை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது. மறுநாள் தண்ணீர்க் குழாயில் உன் சித்தி குடத்தை வைத்ததும் பாப்பம்மாள் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள். “நீதானே ரோட்டுல நின்னுகினு கையெடுத்துக் கும்புட்டு வாங்க வாங்கன்னு கூப்டுக்கினு கீற. வந்துட்டான் பாரு. உன் கழனியிலயா கல்லு நட்டான், என் கழனியில நட்டான்” என்றாள். உன் சித்தி வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். பேசியிருக்கலாம், பேசவில்லை. எனக்கு உள்ளே ஒரு ஓரத்தில் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரமே யாரோ ஏறி போர்டில் முகத்தில் மட்டும் தாரைப் பூசிவிட்டார்கள். அவள் பூந்தமல்லிக்குப் போகும்போது பஸ்சிலிருந்தே பார்த்திருக்கிறாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டவள்தான், சோறும் இல்லை, பேச்சும் இல்லை. ரகுபதி வாசலில் நின்றுகொண்டு, எவன் பூசினான் என்று தெரிந்தால் வெட்டுவேன் என்று கத்திக்கொண்டிருந்தாரே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரோரம் படுத்திருந்தாள். “என் மூஞ்சில பூசினா மாதிரியே எரியுதுக்கா” என்று கன்னத்தைத் தடவித் தடவிக் காட்டினாள். எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் ஆபீசுக்குப் போனேன். அந்த ஸ்ரீமதி நல்ல பெண்தான், உட்காரவைத்து, மன்னிச்சுக்குங்கம்மா, உடனே அழித்துவிட்டு வேறு படம் வரையச் சொல்கிறேன் என்றாள். சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு கட்டு போட்டோவை எடுத்தாள், அதில் என்னுடையதை உருவி மேஜை மேல் வைத்தாள். “உங்களதும் நல்லாத்தான் வந்திருக்கும்மா, இதையே போட்டுடலாமா, நீங்க சரின்னா போதும்” என்றாள். சசி, நான் நிஜமாகவே நன்றாக இருந்தேன். பட்டும் பூவுமாக, குளத்துப் படியில், யாரோ பெரிய இடத்துப் பெண் மாதிரி. மூன்று மாதமாக நான் ஏங்கினது என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உன் அப்பா வேறு, சரி என்று சொல்லேன் என்கிற மாதிரி என்னையே பார்க்கிறார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம், பாப்பம்மாள் கழனியில் கல் நட்டது நீங்களா என்று கேட்டேன். “அது வேற டிபார்ட்மெண்டும்மா, வெளியூர்க்காரங்களைக் கூப்பிடறது மட்டும்தான் எங்க வேலை” என்றாள். “கழனிக்காரங்கள ஒரு வார்த்தை கேக்காம கூப்ட்டா எவ மூஞ்சின்னாலும் தாருதான்மா வுழும். எங்க வூட்டுப் பொம்பளைங்க மூஞ்சி வேணாம், கோபுரத்தப் போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் என்னவோ நான் ஓரகத்திக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். என் போட்டோவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் ரகுபதியிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் உன் சித்தி தானாகவே கதவைத் திறந்துகொண்டு என் அடுப்பங்கரைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன்க்கா வேணாம்னுட்ட, என்னால உனக்கு வந்தது போச்சே. உன் மூஞ்சி இருந்திருந்தா எவனுக்கும் தார் பூசக் கையே வந்திருக்காது” என்றாள். மனசாரத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும், அவளுக்குப் பொய் வராது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்திருக்குமா? வந்திருக்காது. இட்லியை எடுத்து அவளுக்கு வைத்தேன், சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், போர்டுக்காக வந்த பொறாமை போய், அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மேல் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அது போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாப்பம்மாள் கழனி விஷயமாக அப்பாவும் நான்கு பேரும் தாசில்தாரைப் பார்க்கப் போகிறார்கள், நல்லபடியாக முடிய நீயும் வேண்டிக்கொள். உனக்கு வளைகாப்பு இங்கேதான், எந்த ரயிலில் வருகிறாய் என்று மாப்பிள்ளையை முன்கூட்டியே எழுதச் சொல், சென்ட்ரலுக்கு அப்பா வருவார். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையுமாக நீங்கள் நிறைந்து வாழவேண்டும். போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள், அம்மா எப்படி இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லி எழுது.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
ப. மரகதம்