சேஃப்டி போட மறந்தேன்

ஞாயிறு, வெள்ளவத்தை

இன்று முதல் தடவையாகத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் நின்றேன். கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷொட்கன் மூன்றையும் ஓடி ஓடிச் சுட வேண்டும், நேரம் பார்ப்பார்கள். முதல் இரண்டும் மோசமில்லை. ரைஃபிளை மேசையில் வைத்துவிட்டு ஷொட்கனுக்கு ஓடினேன். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டிப் பூட்டைப் போட மறந்துவிட்டேன். பின்னால் வந்த நடுவர், "நவத்தன்ன!", நிறுத்து, என்று சிங்களத்தில் கத்தினார்.

நின்றேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

போட்டியில் அப்படி ஒரு விதி இல்லை. பகிடி என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். என்னைக் கூட்டிப்போன ஒபிஸ் சிநேகிதி நிலூகாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கை இறங்கவில்லை. நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் என் வயதுதான் இருக்கும், யுத்தம் முடிந்தபோது இருபதைத் தாண்டியிருப்பார். கிட்ட வந்து, தமிழில், "கைய கீழ போடுங்க மிஸ்" என்றார். போட்டேன்.

வீட்டில் இவர், "எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார்.

"சேஃப்டி போட மறந்திட்டன். டிஸ்குவாலிஃபை பண்ணிட்டினம்."

அதுவும் உண்மைதான்.

காலையிலிருந்து அந்த மனிதர் சிங்களமும் ஆங்கிலமும்தான் கதைத்தார். அந்தத் தமிழை எங்கே பழகினார் என்று நான் கேட்கவில்லை. கையைத் தூக்க எங்கே பழகினேன் என்று அவரும் கேட்கவில்லை.