பின்சுவரில் மாட்டிய பெட்டி

தோஹா

அன்பின் ஜெஸீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் சுகம். போனில் கதைத்தால் மகளும் கேட்பாள் என்பதால் எழுதி, ஊருக்கு வரும் சப்ரியிடம் கொடுக்கிறேன்.

போன கிழமை ஓர் அலுவலகத்தில், ஏசிக் காற்று போகும் தகரக் குழாய்க்குள் படுத்துத் துடைத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். உள்ளே அவ்வளவு குளிர்ச்சி. மேற்பார்வையாளர் காலைப் பிடித்து இழுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எங்கள் அறை ஏசி பழுதாகி இரண்டு மாதம்.

மகள் அனுப்பிய படம் பார்த்தேன். மாப்பிள்ளை கேட்ட ஏசியை மணமக்கள் அறையில் பூட்டியாயிற்று. ஆனால் வெளிப்பெட்டியைப் பின்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அறையின் சூட்டை இழுத்து வெளியே ஊதுவது அதுதான். அது ஊதுவது அடுப்பெரியும் குசினிப்பக்க அறை ஜன்னலுக்கு நேரே. கல்யாணத்துக்குப் பிறகு வீடு மகளுக்குச் சீதனம். அந்த அறைதான் நமக்கு.

"முன்னுக்குப் பூட்டினா வூட்டுட வடிவு கெட்டுப்போகும்" என்று மாப்பிள்ளையின் உம்மா சொன்னாராம். பதினான்கு வருஷம் யார் யாருடைய அறைச் சூட்டையோ வெளியே தள்ளிக் கட்டிய வீடு அது, ஜெஸீமா.

பெட்டியைத் தெருப்பக்கம் மாற்றச் சொல்லிப் பார். சப்ரி திரும்பும்போது உடுக்க மருதமுனைக் கைத்தறிச் சாரன் இரண்டு கொடுத்தனுப்பு; வியர்வைக்கு அதுதான் தோது. அவனை விமான நிலையம் கொண்டுபோகும் வான் வந்துவிட்டது.

அவர்கள் முகம் சுளித்தால் விட்டுவிடு. ஜன்னலை அடைத்துவிடலாம். காற்றில்லாத அறையில் தூங்க எனக்குத் தெரியும். வந்து உனக்கும் பழக்குகிறேன்.

உன் அலியார்