மயிலம்மாவின் பெயர் இல்லாத படிவம்

மாதா துணை

கொட்டாஞ்சேனை,
20.11.1997

அன்பு மகள் செலீனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் பழையபடிதான். அந்த வெளிநாட்டுக் குளிரில் தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நீ ஐந்தாம் திகதி எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் அழுகை வந்தது, இரண்டாம் தரம் கோபம் வந்தது, மூன்றாம் தரமும் கோபம்தான். நம் ஒழுங்கை ஹெக்டர் அங்கிள் அங்கே இருக்கும் தன் தங்கச்சி பேர்ணடெற்றிடம் ரெலிபோனில் சொல்ல, அவர் உன்னிடம் சொல்ல, நீ எனக்கு எழுதியிருக்கிறாய். கோயில் மரியாயின் சேனைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நான் அவரை அவமானப்படுத்திவிட்டேனாம், ஒரு வரி மன்னிப்புக் கேட்டு எழுதினால் போதுமாம், ஆண்டவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், நீங்கள் ஏன் அம்மா இடையில் என்று கேட்கிறாய். நீ இருப்பது பேர்ணடெற் அன்ரி வீட்டு அறையில், பனிக்காலமும் தொடங்கப்போகிறது, உன் பயம் எனக்கு விளங்காமலில்லை. அந்தக் கூட்டத்தில் வாய் திறந்தபோதும் அது என் நினைவில் இருந்தது. ஆனால் நீ ஒரு பக்கக் கதையைத்தான் கேட்டிருக்கிறாய், மற்றப் பக்கத்தையும் கேள்.

ஹெக்டர் வீட்டில் வேலைக்கு நின்ற மயிலம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய், உனக்கு அம்மாள் வருத்தம் வந்தபோது எங்கிருந்தோ வேப்பிலை தேடிப் பறித்துக்கொண்டு வந்தவள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பதினொரு வருஷமாக அவர்கள் குசினியில் அடுப்போரம் பாய் போட்டுப் படுத்தவள். அடையாள அட்டை இல்லை, எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை. போன மாதம் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு இங்கே ஒரே சுற்றிவளைப்பு. இருபத்தைந்தாம் திகதி சனிக்கிழமை காலை பாண் வாங்கப் போனவளைச் சந்தியில் வைத்து மற்றவர்களோடு லொறியில் ஏற்றிவிட்டார்கள். அவள் வீட்டு நம்பரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நம் வீடுகளில் யார் யார் இருக்கிறோம் என்று எழுதிப் பொலிசில் கொடுத்து வைத்திருக்கிறோமே, அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஹெக்டர், மனைவி ஐறீன், இரண்டு பிள்ளைகள், நாலே பேர். ஹெக்டரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, அவள் பகலில் வந்து போகிறவள், இரவில் எங்கே படுக்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்று சிங்களத்தில் அழகாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பகல் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது ஐறீன் அன்ரிதான், அதுவும் கவலைப்பட்டுச் சொல்லவில்லை. மூன்று நாளாகச் சட்டி பானை குவிந்து கிடக்கிறது, தெரிந்த ஆள் யாரும் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கோ ரீச்சர் என்று கேட்க வந்த இடத்தில் சொன்னது.

அன்று செவ்வாய்க்கிழமை, பின்னேரம் கூட்டம். ஹெக்டர்தான் தலைவர் என்பது உனக்குத் தெரியும். கூட்டத்தின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று மாதாவின் பாட்டைச் சொல்வோம் அல்லவா, வலியவர்களை ஆசனத்திலிருந்து இறக்கிவிட்டுத் தாழ்ந்தவர்களைத் தூக்கிவிடுகிறார், பசித்தவர்களின் வயிற்றை நிரப்பிப் பணக்காரரை வெறுங்கையோடு அனுப்புகிறார் என்று வருமே, அந்த இடத்தில் ஹெக்டரின் குரல் எல்லோருடையதையும் விட உரத்துக் கேட்டது. இருபது வருஷமாக நானும் சொன்ன பாட்டுத்தான், அன்று மட்டும் என்னால் நிற்க முடியவில்லை. எல்லோரும் நிற்க நான் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற நேசமலர் ரீச்சர் குனிந்து, தலை சுற்றுகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பாட்டு முடிந்ததும் நான் கேட்டேன், உங்கள் வீட்டுப் பிள்ளை மூன்று நாளாகப் பொலிசில் கிடக்கிறாள், நீங்கள் எந்த வாயால் இதைச் சொல்கிறீர்கள் என்று. இதுதான் அந்த அவமானம், இதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அவர் முதலில் சிரித்தார். அந்தப் பாட்டு ஏரோதைப் போன்ற ராஜாக்களைப் பற்றியது, எங்களை ஏறி மிதிக்கிறவர்களைப் பற்றியது, எங்களைப் பற்றியது இல்லை என்றார். கூட்டத்துக்கு வந்திருந்த பங்குச் சுவாமி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகுதான் ஹெக்டர் என் பக்கம் நன்றாகத் திரும்பி, "அந்தப் படிவத்தை எழுதின கை ஆருடைய கை ரீச்சர்?" என்று கேட்டார்.

என் கைதான் மகள். என் சிங்களக் கையெழுத்து வடிவு என்று ஒழுங்கையில் பாதி வீட்டுக்கு நான்தானே எழுதிக் கொடுப்பது. ஐறீன் என் பக்கத்தில் இருந்துகொண்டு, மயிலம்மாவைப் போட வேண்டாம், அட்டை இல்லாதவளைப் போட்டால் பொலிஸ் அடிக்கடி வந்து கேள்வி கேட்கும், அவள் எங்கள் ஆளும் இல்லைத்தானே என்று சொன்னபோது நான் பேனையைக் கீழே வைக்கவில்லை. அவர்கள் வீட்டு விஷயம் என்று நினைத்தேன். நாலாவது பெயருக்குக் கீழே கோடு இழுத்து மூடியதும் நான்தான். ஹெக்டர் மேல் வந்த கோபத்தில் பாதி அன்று என் மேலேயே திரும்பிவிட்டது, மற்றப் பாதி இன்னும் அவரிடமே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று விளங்கியது. சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டுகிறவர்கள் நாங்கள், பஸ்ஸில் தமிழ் கதைக்கப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள், அதனால் அந்தப் பாட்டைச் சொல்லும்போது கீழே இருப்பவர்கள் எப்போதும் நாங்கள்தான் என்று நினைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். எங்களுக்கும் கீழே ஒருத்தி குசினியில் பாய் போட்டிருந்தாள், அவளுக்கு நாங்கள்தான் அந்த ஆசனத்தில் இருந்தவர்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நான் அந்தக் கோட்டை இழுத்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை பொலிசுக்குப் போனேன். நாங்களும் தமிழர், இருக்கிற இடம் தெரியாமல் இருப்போம் என்று அப்பா முதலில் தடுத்தார், பிறகு தன் துறைமுக வேலைப் பாஸைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு கூடவே வந்தார். சார்ஜன்ட் அவள் உங்களுக்கு யார் என்று கேட்டார். யாருமில்லை, அந்தப் படிவத்தை எழுதியது நான், ஒரு பெயரை விட்டது என் பிழை என்றேன். அப்படியென்றால் எழுதின நோனாவையும் உள்ளே வைக்க வேண்டுமே என்று அவர் சொன்னது பகிடியா உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்பது மணியிலிருந்து நாலு மணிவரை மர வாங்கில் இருத்திவைத்தார்கள், அப்பா வெளியில் வெயிலில் நின்றார். வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை, இவள் இனி எங்கள் வீட்டில் இருப்பவள் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை விட்டார்கள். ஒரு காலில் செருப்பு இல்லாமல் வந்தாள். அடித்தார்களா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னாள், நான் அதை நம்பவில்லை.

இப்போது இதைக் கேள். அவள் வந்து ஒரு கிழமை ஆகவில்லை, ஐறீன் ஆள் அனுப்பியிருக்கிறா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து, மயிலம்மாவை அனுப்பிவிடுங்கோ என்று. வாசலில் கிடந்த லாசரைக் கண்டும் காணாமல் நாளும் விருந்து சாப்பிட்ட பணக்காரனின் கதை உனக்குத் தெரியும். அவன் லாசரை அடித்ததாகவோ திட்டியதாகவோ வேதத்தில் இல்லை. செத்து நெருப்பில் கிடக்கும்போதும் அவன் ஆபிரகாமிடம் என்ன கேட்கிறான், லாசரிடம் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து அனுப்பு என்கிறான். எல்லாம் தலைகீழாக மாறிய பிறகும் லாசர் அவனுக்கு எடுபிடிதான். சின்ன வயதில் அந்த நெருப்பை நினைத்துப் பயந்தேன், இப்போது அவன் கேட்டதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வந்த ஆளிடம் நான் பதில் சொல்ல முன்னமே மயிலம்மா உள்ளே இருந்து, "எனக்கு நேரமில்லேன்னு சொல்லுங்க" என்றாள். பிறகு கதிரையில் சாய்ந்திருந்து பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகையால் ஹெக்டரிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பேர்ணடெற் அன்ரியோடு நீ வாய்த்தர்க்கம் செய்யாதே, அவருக்கு இதில் பங்கில்லை, கேட்டால் இந்தக் கடிதத்தையே வாசிக்கக் கொடு. அறையை விடச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு மரியாதையாக வெளியே வா, நேசமலர் ரீச்சரின் மருமகள் அங்கேதான் இருக்கிறா, விலாசத்தைக் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். உனக்கு நான் கஷ்டம் கொடுக்கிறேன் என்று தெரியும், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இன்னொருத்தி மயிலம்மா. போன ஞாயிறு எங்கள் வீட்டுப் படிவத்தைப் புதிதாக எழுதினேன். நீ போய் ஒன்றரை வருஷமாகியும் வெட்ட மனம் வராமல் விட்டிருந்த உன் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவள் பெயரை எழுதினேன். எழுதி முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, அந்த வீட்டுப் படிவத்தில் உன்னை விட்டது நான்தான் என்று சொன்னேன். "தெரியும்மா. நீங்க எழுதுறப்போ தேத்தண்ணி கொண்டாந்து வச்சது நான்தானே" என்றாள்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து நடத்தட்டும். காதை மூடிக் கட்டாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. அந்த வீட்டில் உனக்காகக் கோப்பை கழுவுகிறவள் யாரும் இருந்தால் அவளுடைய பெயரைக் கேட்டு எனக்கு எழுது.

என்றும் உன் நினைவாக,
அம்மா