தம்பியின் கம்ப்யூட்டர் வந்துவிட்டது

மட்டாஞ்சேரி
21-9-2005

என் அருமை மகள் மகாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் தம்பியும் இங்கே சுகமாக இருக்கிறோம், இந்தத் தடவை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகம். மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நீ மலையாளத்தில் படித்தவள், என் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், ஆனால் போன் பேசினால் தம்பி பக்கத்திலேயே இருக்கிறான், எனக்கும் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், மெதுவாக வாசி.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது மகளே. பங்குனித் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டும்போது ஏணி நழுவி உன் தம்பி துரை விழுந்ததும் காலில் பிளேட் வைத்ததும் உனக்குத் தெரியும். எலும்பு சேர்ந்துவிட்டது, கம்பு ஊன்றி எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவன் வாசல்படி தாண்டவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன் கூட்டாளி அபிலாஷ். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவனை இழுத்துக்கொண்டு கலூரில் மாடியில் இருக்கும் கேம் கடைக்கு ஓடுகிறவன், ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் வந்ததோடு சரி. கார்ப்பரேஷன் தண்ணீர் லாரியோடு இடக்கொச்சிக்குப் போன இடத்தில் அப்பா அவனைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டானாம். துரையும் அவன் பேரையே எடுப்பதில்லை. மாடி ஏற முடியாதவனுக்கு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் போடலாம் என்று நீ சொன்னபோது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் பார்ட்ஸ் எல்லாம் தம்பியே கடைக்குப் போய்ப் பார்த்து எடுக்க வேண்டும், வேறு யாரும் வாங்கி வரக்கூடாது என்று ஒரு பிடிவாதம் பிடித்தாயே, அதற்குத்தான் உன்னைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருக்கிறது.

ஓணம் கழிந்த மறுநாள் நானும் அவனும் போட் ஏறி எறணாகுளம் போனோம். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன், போட்டில்தான் போவேன் என்றான். ஏறும்போது போட் ஆடியது, யாரோ ஒரு சேட்டன் ஒன்றும் கேட்காமல் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். முதலில் போன கடையில் எல்லாம் பூட்டி முடித்த செட் ஒன்றைக் காட்டினார்கள், முன்பக்கம் நீல லைட் எரிந்தது, எனக்கே அது பிடித்துவிட்டது. துரை அதைத் திறந்து காட்டச் சொன்னான். உள்ளே பார்த்துவிட்டு, "அம்மா, இது வேண்டாம். கேம் கார்டு சொருக இதுல இடமே இல்ல. பின்னால ஒண்ணும் சேர்க்க முடியாது" என்றான். கடைக்காரர் அவன் கம்பையும் காலையும் பார்த்துவிட்டு, நேரம் போக்க இது போதுமே என்றார். அவன் முகம் விழுந்துவிட்டது, வீட்டுக்குப் போவோம் என்று திரும்பிவிட்டான். நான்தான் இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஒரே ஒரு கடை பார்க்கலாம் என்று கெஞ்சிப் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டிப் போனேன்.

அந்தக் கடையில் ஷைலஜா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இரிக்கு, எந்த கேம் ஆடணும்? அதைச் சொல்லு முதல்ல" என்று கேட்டாள். கார் ரேஸ் என்றான். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசின பேச்சு எனக்கு எங்கே விளங்கப் போகிறது. நீ போனில் படித்துப் படித்துச் சொன்னதை அவன் அப்படியே வைத்திருந்தான், பிராசசர் சுமாராக இருந்தால் போதும், ரேம் ஒன்று போட்டு இன்னொன்றுக்கு இடம் காலியாக விட வேண்டும், மதர்போர்டும் பவர் சப்ளையும் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும், அப்போதுதான் மற்றதை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம் என்று. பவர் சப்ளை எத்தனை வாட் என்று அவன் கேட்டதும் கரண்டு வேலை தெரிந்தவனா என்று அவள் கேட்டாள், அவன் எப்படி விழுந்தான் என்பதை அவளிடம் முழுதும் சொன்னான். எங்களிடம்கூட அவன் அதைச் சொன்னதில்லை. பெரிய கேம் கார்டு ஒன்றை அவன் எடுத்துப் பார்த்தபோது, "இப்ப வாங்கண்டா மோனே, போர்டுல உள்ளதுல இந்த கேம் ஓடும். கொஞ்சம் நாள் கழிஞ்சா இதுக்கு விலை குறையும்" என்று விற்கிற அவளே வேண்டாம் என்றாள். நல்ல மனசு. நீ வரும்போது அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொண்டு வா.

கடைசியில் கேபினெட் மட்டும் பாக்கி. அழகானதை எடு, அக்கா அனுப்பிய பணம் இருக்கிறதே என்றேன். அவன் இருப்பதிலேயே சாதாரணமான தகரப்பெட்டியைக் காட்டி, "எனக்கு இது மதி, போதும், மிச்சத்துக்கு ரெண்டு ஜாய்ஸ்டிக் கொடுங்க சேச்சி" என்றான். ஒன்று போதாதா, இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல், "அபிலாஷுக்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரை வீட்டில் பூட்டி முடித்ததும், வீட்டுப் போனை விட்டுவிட்டு அவனே பக்கத்து பூத்துக்கு நடந்து போய் அபிலாஷுக்குப் போன் செய்தான். என்ன பேசினான் என்று தெரியாது. சாயங்காலம் அபிலாஷ் வந்து வாசலில் நின்றான், மெலிந்து போயிருந்தான், உள்ளே வரவில்லை. ஏணியைக் கெட்டியாகப் பிடிக்காமல் விட்டுட்டேன்டா, உன் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நின்றபடியே அழுதான். துரை ஜாய்ஸ்டிக்கை விடாமலே, "ஈரத்துல ஏணியை வெச்சது நான்டா. கேறி வா, எத்தனை நேரம் அங்கயே நிப்பே" என்றான். நான் சாயா போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரே கூச்சல், விழுந்துவிட்டானோ என்று ஓடி வந்து பார்த்தால் இவன் கார் கவிழ்ந்துவிட்டதாம், இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ அங்கே வயிற்றைக் கட்டிப் பணம் அனுப்பாதே, இனி உனக்கு நல்ல செருப்பும் துணியும் எடுத்துக்கொள். நம் மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். வெள்ளிக்கிழமை போன் செய்ய மறக்காதே, தம்பியிடம் கொடு என்று மட்டும் சொல்லாதே, சாயங்காலம் அவன் அபிலாஷோடு வெளியே போய்விடுகிறான், வீட்டில் இருக்க மாட்டான்.

உன்னை நினைத்து நிறைந்திருக்கும்
அம்மா பாக்கியலக்ஷ்மி