கண்ணாடிக் கூரைக்குள் வெந்நீர்க் குளம்

12.12.2004, ஞாயிறு

நுவரெலியா ஹோட்டலில் கண்ணாடிக் கூரைக்குள் வெந்நீர்க் குளம் கட்டியிருக்கிறார்கள், சறுக்குக் குழாயோடு. அங்கே குளிப்பவர்களுக்குத் துடைக்கத் துவாய் கொடுக்கும் வேலையில் இருக்கும் நாத்தனார் புஷ்பம் இன்று உள்ளே கூட்டிப்போனாள். வெளியே பனி, உள்ளே ஆவி. குனிந்து தண்ணீரில் கையை விட்டேன். இறங்க வேண்டும் போலிருந்தது.

"நீச்சல் உடுப்புதான் போடணும் மதினி."

தோட்டத்தில் பீலித் தண்ணீர் கொட்டுமிடத்தில் குளிப்பதுபோல் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு இறங்கலாமா என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க! வெள்ளக்காரன் படம் புடிச்சிக்கிட்டுப் போவான்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குத் தண்ணி மாத்துறாங்க. அதுக்கு முன்னால காலையில ஆறு மணிக்கு வாங்க. யாரும் இருக்க மாட்டாங்க."

யாராவது பார்த்தால் அவள் வேலை போய்விடும். வர மாட்டேன் என்றேன்.

ஆனால் பாவாடையை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். எடுத்துவிட வேண்டும். சற்று நேரம் போகட்டும். படுத்திருக்கும் கட்டில் வெதுவெதுப்பாக மிதக்கிறது.